ஜன்னலைச் சாத்த எழாதவர்

அன்றைக்கு மழை பெய்ததா இல்லையா என்று இப்போது என்னால் அடித்துச் சொல்ல முடியாது. என் நினைவில் பெய்கிறது. விசாரணைக்கு வந்தவரின் ஒரு பக்கத் தோள் நனைந்திருக்கிறது, கூடத்து ஜன்னல் வழியாகச் சாரல் வந்து சோபாவின் கைப்பிடியில் படுகிறது. அம்மா மழையே இல்லை என்கிறாள். "வெறும் காத்துதான்டி. நீயா நனைச்சுக்கற" என்கிறாள். இருக்கலாம். அந்த வருடம் முழுக்க எல்லாவற்றையும் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தவள் நான். அப்படிப் பார்க்கிறவர்களுக்கு எதுவும் நடந்தபடி ஞாபகம் இருப்பதில்லை. ஜன்னல் விஷயத்தில் மட்டும் எனக்கும் அம்மாவுக்கும் தகராறு இல்லை. அது திறந்திருந்தது.

அப்பா படையில் வண்டிப் பிரிவில் இருந்தார். ஓய்வு பெற்ற பிறகு நீண்ட நாள் வீட்டில் உட்காரக் கொடுத்துவைக்கவில்லை. ஒரு காலை ஷூவுக்கு லேஸ் கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. அவருடைய ஓய்வூதியத்தில் ஒரு பங்கு அம்மாவுக்கு வரத் தொடங்கியது. அம்மாவுக்கு வேறு வருமானம் கிடையாது. எந்த ஊரிலும் வேலை தேடிக்கொள்ளும் அளவுக்கு அப்பாவின் படை அவளை விட்டுவைத்ததில்லை. எங்கள் கூடத்துத் திரைச்சீலையைப் பார்த்தாலே அது தெரியும். ஒவ்வொரு குவார்ட்டர்ஸிலும் ஜன்னல் ஒவ்வொரு அளவு. அம்மா அதே துணியை மடித்துத் தைப்பாள், அடுத்த ஊரில் பிரித்து இறக்குவாள். பிரித்த இடமெல்லாம் வெளிறாத கோடுகளாக நிற்கும். நாங்கள் குடியிருந்த வீடுகள் அத்தனையும் அந்தத் துணியில் கோடுகளாக இருந்தன.

அந்த ஓய்வூதியத்துக்கு ஒரு நிபந்தனை இருந்தது. ஐம்பத்தைந்து வயதுக்கு முன்னால் மறுமணம் செய்துகொண்டால் அது நின்றுவிடும். ஐம்பத்தைந்தைத் தாண்டிச் செய்துகொண்டால் நிற்காது. பதிவு செய்யாமல் ஒருவரோடு கணவன் மனைவியாகக் குடித்தனம் நடத்தினாலும் மறுமணம் என்றே கணக்கு. அப்பா போனபோது அம்மாவுக்கு ஐம்பத்தொன்று. இந்த நிபந்தனையை ஓய்வூதிய அலுவலகத்தில் படித்துக் காட்டியபோது அம்மா சிரித்தாள். "இந்த வயசுல என்னை யாரு கேக்கப் போறா" என்றாள்.

கேட்க ஒருவர் மேல்மாடிக்குக் குடி வந்தார்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். கட்டடத்தில் எல்லோரும் லிஃப்ட்காரர் என்றார்கள். மனைவியை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. அதிகம் பேசமாட்டார். நானும் அதிகம் பேசுகிறவள் இல்லை என்றாலும் அவருடைய மௌனம் எனக்குப் பிடிக்கவில்லை. பேசுவதற்கு ஏதோ இருந்து, அதை யாருக்கோ எடுத்துவைத்திருக்கிறவரின் மௌனம் அது. என் எதிரில் அம்மாவை "மேடம்" என்பார். நான் தனியே வேறு வீட்டில் இருந்தேன், வாரம் ஒருமுறை வருவேன். அப்படி ஒருநாள் படியேறி வரும்போது கதவுக்கு உள்ளே அவர் குரல் கேட்டது. அதில் மேடம் இல்லை. வேறு பெயரும் இல்லை. "சரி, அப்ப நாளைக்குப் பாக்கலாம்" என்றார், அவ்வளவுதான். ஆனால் மேடம் இருந்த இடம் காலியாக இருந்தது எனக்குக் கேட்டது.

கேட்பதுதான் என் தொழில். காது பரிசோதனைக் கூடத்தில் வேலை. சத்தம் புகாத சின்ன அறைக்குள் ஆளை உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, மெல்லிய ஒலிகளை ஒவ்வொன்றாக அனுப்புவேன். கேட்டால் கையைத் தூக்க வேண்டும். கேட்காமலே தூக்குகிறவர்கள் உண்டு. கேட்டும் தூக்காதவர்கள் உண்டு. பாதி தூக்கி, சந்தேகம் வந்து, மடியிலேயே திரும்ப வைத்துவிடுகிறவர்களும் உண்டு. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து வருடக்கணக்காக நான் பார்ப்பது மனிதர்களின் கைகளைத்தான்.

லிஃப்ட்காரர் எங்கள் வீட்டு வாசலில் செருப்பு விடுவதில்லை. விட்டிருந்தால்கூட இவ்வளவு யோசித்திருக்க மாட்டேன். வந்து போகிறவருக்குச் செருப்பு எங்கே போகும்? வெறுங்காலோடு மாடியிலிருந்து இறங்கி வருகிறாரா? ஒருமுறை என்னிடம், "அம்மாவுக்குப் பிறந்த நாள் எப்ப வருது?" என்று கேட்டார். எதற்கு என்றேன். "சும்மாதான்" என்றார். ஐம்பத்தைந்து எப்போது முடியும் என்று பார்க்கிற ஆளாக எனக்குப் பட்டது. அம்மாவைக் கட்டினால் பணமும் சேர்ந்து வரும் என்று தெரிந்து, அவசரப்படாமல் காத்திருக்கிற ஆள். அவசரப்படாதவர்களைப் பார்த்தால் எனக்கு எப்போதும் பயம்.

அம்மாவின் ஐம்பத்தைந்துக்குச் சில மாதங்கள் இருக்கும்போது ஓய்வூதிய அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. அவள் மேல்வீட்டு மெக்கானிக்கோடு குடித்தனம் நடத்துவதாகப் புகார் வந்திருக்கிறதாம். எழுதியவர் பெயர் போடவில்லை. இந்த வாரத்தில் ஒருநாள் விசாரணைக்கு ஆள் வருவார், அவர் அறிக்கையைப் பொறுத்து ஓய்வூதியம் தொடரும் அல்லது நிற்கும் என்றார்கள்.

அம்மா போனை வைத்துவிட்டு எங்களிடம் அதைச் சொன்னாள். நானும் சித்தியும் கூடத்தில் இருந்தோம். சித்தி அம்மாவின் தங்கை, பக்கத்துத் தெரு. அம்மாவின் நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் அழையாமலே வந்துவிடுவாள்.

"லிஃப்ட் ரிப்பேர் பண்றவர், ஆனா இங்க வர்றப்ப மட்டும் லிஃப்ட்ல வராம படியில வெறுங்காலோட இறங்கி வர்றார்னு எழுதியிருக்காங்களாம்" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். வெறுங்கால் விஷயத்தை அவளிடம் இரண்டு தடவை கேட்டவள் நான்தான். அந்தப் பார்வை நீண்டுகொண்டே போனது. ஏதாவது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். சொன்னால் இன்னும் சந்தேகமாகத்தான் இருக்கும் என்று தோன்றி மூடிக்கொண்டேன்.

"செயலாளர் வேலையாத்தான் இருக்கும்" என்றாள் சித்தி. கட்டடச் சங்கத்தின் செயலாளருக்கும் லிஃப்ட்காரருக்கும் ஆகாது. "இல்லன்னா அந்த மேல்வீட்டு மனுஷனே எழுதியிருப்பான். யார் கண்டா?"

"அவர் ஏன் எழுதறாரு?"

"உன் பணம் நின்னா அவர் கையை எதிர்பாத்துத்தானே நீ நிக்கணும்?"

இது எனக்குத் தோன்றியிருக்கவில்லை. சித்தி சொன்னதும் எனக்கும் அப்படித்தானோ என்று இருந்தது. உடனே, இதை இவ்வளவு சுலபமாகச் சொல்லும் சித்தியே எழுதியிருந்தால் என்றும் தோன்றியது.

அந்த வாரம் சித்தி எங்கள் வீட்டிலேயே இருந்தாள். நானும் விடுப்பு எடுத்துக்கொண்டேன். சித்தி வீட்டைச் சுத்தப்படுத்தினாள் என்று சொல்வதைவிட, தடயம் அழித்தாள் என்று சொல்லலாம்.

"ரெண்டு கப் ஒண்ணா வெளிய இருக்கக் கூடாதுக்கா. ஒண்ணுதான் இருக்கணும்."

"நீ காலைலேர்ந்து மூணு டீ குடிச்சிருக்க. உனக்கு இனிமே கையில ஊத்தட்டுமா?"

"சிரிப்பா இருக்கா உனக்கு? முதல்ல அவரை ஒரு வாரம் எங்கயாவது போகச் சொல்லு."

"அவர் வீட்டை விட்டு அவர் ஏன்டி போகணும்?"

"போனா நல்லது. திரும்பி வரலைன்னா இன்னும் நல்லது."

கடைசியில் அவர் பகலெல்லாம் வெளியே வேலையில் இருப்பது, எங்கள் வீட்டுப் பக்கமே வருவதில்லை என்று முடிவாயிற்று. அம்மா மாடிக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். ஒரு வாக்கியம் சொல்லத் தேவைப்படுவதைவிட அதிக நேரம் ஆயிற்று.

விசாரணைக்காரர் வந்த அன்று லிஃப்ட் நின்றது.

எங்கள் தளத்துக்கும் மேல்தளத்துக்கும் நடுவில், அவரை உள்ளே வைத்துக்கொண்டு. பொத்தானை மாற்றி அழுத்தியிருக்கிறார், மேலே போய்க்கொண்டிருந்த லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது. உள்ளேயிருந்து அவர் தட்டுகிறார். செயலாளர் கீழேயிருந்து பதறிக்கொண்டு போன் போட, பக்கத்துக் கட்டடத்தில் வேலையாயிருந்த லிஃப்ட்காரர் கருவிப் பையோடு ஓடி வந்தார். பக்கத்துக் கட்டடம்! இவ்வளவு பெரிய ஊரில் அன்றைக்கென்று பக்கத்துக் கட்டடம். எங்கள் தளத்தில் நின்று சாவி போட்டுக் கதவைப் பிரித்தார். விசாரணைக்காரரின் கால்கள் எங்கள் கண்ணுக்கு நேரே தெரிந்தன. "பயப்படாதீங்க சார், உக்காந்து காலைத் தொங்கவிடுங்க. என் தோளைப் பிடிச்சுக்குங்க. அவ்வளவுதான்" என்று சொல்லி ஒரு குழந்தையை இறக்குவதுபோல இறக்கினார்.

விசாரணைக்காரர் ஒல்லியானவர், ஓய்வு பெறும் வயதுக்கு அருகில் இருந்தார். பையை மார்போடு அணைத்திருந்தார். மூச்சு வாங்கி முடித்ததும் எங்கள் வீட்டு எண் எது என்று கேட்டார். பிறகு லிஃப்ட்காரரைப் பார்த்து, "நீங்கதான் மேல்வீட்டு மெக்கானிக்கா? உங்களையும் பாக்கணும்னுதான் வந்தேன். வாங்க, எல்லாரும் சேர்ந்தே உக்காருவோம்" என்றார்.

சித்தி என் கையைக் கிள்ளினாள்.

உள்ளே வந்து உட்கார்ந்தவர் எதுவுமே கேட்கவில்லை. திரைச்சீலையைப் பார்த்தார். அதன் கோடுகளைக் கீழிருந்து மேலாகப் பார்த்ததுபோல எனக்குத் தோன்றியது. குடிக்கத் தண்ணீர் கேட்டார். அம்மா எழுந்து சமையலறைக்குப் போனாள். பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னார்:

"அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்தலாமா? எனக்குக் காத்து ஒத்துக்காது."

நான் எழுந்து போனேன். கதவை இழுத்தேன், வந்தது. கொக்கி விழவில்லை. அப்பா காலத்தில் அது ஒரு சாதாரணக் கொக்கி. இப்போது இருந்தது வேறு. திருப்பிப் பார்த்தேன், அழுத்திப் பார்த்தேன். "தள்ளுடி, நான் பாக்கறேன்" என்று சித்தி வந்தாள். அவளுக்கும் விழவில்லை. காற்று கதவைப் பிடுங்கி எங்கள் இருவரையும் சேர்த்துத் தள்ளியது.

அப்போது நான் திரும்பிப் பார்த்தேன். லிஃப்ட்காரரின் வலது கை மடியிலிருந்து பாதி எழுந்து நின்றது. பிறகு அப்படியே மடிக்குத் திரும்பியது. மற்றக் கையால் அதை மூடிக்கொண்டார்.

அம்மா தண்ணீரோடு வந்தாள். தம்ளரை வைத்துவிட்டு ஜன்னலுக்கு வந்து, கதவைச் சற்றே மேலே தூக்கி, தன் பக்கம் இழுத்துக்கொண்டே கொக்கியைத் திருப்பினாள். சாத்திக்கொண்டது.

விசாரணைக்காரர் தண்ணீரை முழுக்கக் குடித்தார்.

"நீங்க ரொம்ப வருஷமா மெக்கானிக்கா சார்?"

"ஆமா."

"கொஞ்ச நேரம் முன்னாடி, யாருன்னே தெரியாத என்னைத் தோள்ல தாங்கி இறக்கினீங்க. இப்ப ரெண்டு பேர் ஒரு ஜன்னலோட மல்லுக்கட்டினாங்க. ஒரு மெக்கானிக் அதைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாரா? யார் வீடா இருந்தாலும் எழுந்து போயிருப்பார். நீங்க ஏன் எழுந்திரிக்கல?"

சித்தி ஏதோ சொல்ல வந்தாள்.

லிஃப்ட்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எழுந்தா ஒரே தடவையில சாத்தியிருப்பேன் சார். அதான் எழுந்திரிக்கல. அந்தக் கொக்கி நான் போட்டது."

"அப்ப இது உங்களுக்குப் பழகின வீடு."

"சாயங்காலம் வருவேன். கொஞ்ச நேரம் உக்காந்திருப்போம். போயிடுவேன்."

"ஐம்பத்தஞ்சு முடிஞ்சதும் கல்யாணம் பண்ணிக்கறதா இருக்கோம்" என்றாள் அம்மா.

அவள் அதைச் சொன்ன விதம், பால் வாங்கி வைக்கச் சொல்வதுபோல இருந்தது. என்னிடம் அவள் சொன்னதில்லை. நான் சந்தேகப்பட்டேன், நேராகக் கேட்டதில்லை, அவள் சொன்னதில்லை.

"அக்கா!" என்றாள் சித்தி.

"என்ன அக்கா? இவர் இப்பவே பண்ணிக்கலாம்னுதான் சொன்னாரு. பணம் போனா போகட்டும், நான் சம்பாதிக்கறேன்ல, அது போதும்னாரு. நான்தான் வேணாம்னேன்." அம்மா விசாரணைக்காரரைப் பார்த்தாள். "இது யாரும் எனக்குப் போட்ட பிச்சை இல்ல சார். ஊர் ஊரா நானும்தான் பெட்டி கட்டினேன். அவரோட சேர்ந்து நானும் அந்தப் படையிலதான் இருந்தேன், எனக்கு உடுப்புதான் குடுக்கல. அதை ஏன் விடணும்? சட்டமே ஐம்பத்தஞ்சுக்கு அப்புறம் பண்ணிக்கோன்னு சொல்லுது. நான் காத்துக்கிட்டிருக்கேன். அது தப்பா?"

"காத்திருக்கறது தப்புன்னு எந்த விதியும் இல்லம்மா. வந்து போறதும் தப்பில்ல. இவர் இங்க தங்கறாரா, சேர்ந்து குடித்தனம் நடக்குதா, அது மட்டும்தான் என் வேலை." அவர் பையைத் தடவினார். "கஷ்டம் என்னன்னா, நீங்க ரெண்டு பேரும் இல்லைன்னுதான் சொல்வீங்க. எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. ஜன்னலுக்கு எழாதவர் வேற எதையெல்லாம் மறைப்பாரோன்னு என் மேலதிகாரி கேப்பார். அவருக்கு நான் என்ன சொல்றது?"

அந்த அறையில் அம்மாவின் மீதி வாழ்க்கைக்கான சோறு இருந்தது, அது ஒரு கொக்கியில் தொங்கியது. விசாரணைக்காரர் என் பக்கம் திரும்பினார்.

"நீங்க பொண்ணுதானே? நீங்க சொல்லுங்க. இவர் இங்க தங்கறாரா?"

இல்லை என்று சொல்வது சுலபம். பெண் வேறு எப்படிச் சொல்வாள் என்று அவரும் விட்டுவிடுவார், அறிக்கையில் அதற்கு ஒரு மதிப்பும் இருக்காது. அது எனக்குப் புரிந்தது. நம்பும்படி சொல்ல என்னிடம் ஒன்றே ஒன்று இருந்தது. அதைச் சொல்ல அம்மா இல்லாத அறையாக இருந்திருக்கலாம்.

"இல்ல சார். எனக்குத் தெரியும். நான் தேடியிருக்கேன்."

"தேடியிருக்கீங்களா?"

"ஒரு வருஷமா. வாராவாரம் வருவேன். அது போக, சொல்லாம கொள்ளாம காலங்காத்தால வந்திருக்கேன், சாவியை விட்டுட்டுப் போயிட்டேன்னு பொய் சொல்லிக்கிட்டு. பாத்ரூம்ல ரேஸர் இருக்கா, ரெண்டாவது பிரஷ் இருக்கான்னு பாத்தேன். தண்ணி போற ஓட்டையில சின்ன முடி கிடக்கான்னு பாத்தேன். அப்பாவோட அலமாரியில வேற சட்டை ஏதாவது தொங்குதான்னு பாத்தேன். கொடியில காயற துணி, தலையணை உறை, எல்லாம்." நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன். நிறுத்தினால் அவர் நம்பமாட்டார். "மெத்தையில ரெண்டு பக்கமும் உக்காந்து பாத்தேன். ஒரு பக்கம்தான் குழி இருக்கு. அம்மா படுக்கற பக்கம். மத்தப் பக்கம் அப்பா போனதுலேர்ந்து யாரும் படுக்காம மேடாத்தான் இருக்கு."

நான் அம்மாவைப் பார்க்கவில்லை. சாத்திய ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இவரை உங்களுக்குப் பிடிக்காது" என்றார் விசாரணைக்காரர்.

"பிடிக்காது சார்."

"ஏதாவது கிடைச்சிருந்தா எங்ககிட்ட சொல்லியிருப்பீங்களா?"

"தெரியல" என்றேன்.

"சரி" என்று எழுந்தார். "இதை நான் எழுதலாம்." லிஃப்ட்காரரின் வீட்டையும் மேலே போய்ப் பார்த்தார், அங்கே வாசலில் கிடந்த இரண்டு ஜோடிச் செருப்பும் அவருடையவையே. வெறுங்காலோடு ஏன் இறங்குவீர்கள் என்று படியில் வைத்துக் கேட்டாராம். "செருப்பைப் பாத்தா அக்கம்பக்கத்துல பேசுவாங்கன்னுதான் சார்" என்றாராம் லிஃப்ட்காரர். திரும்பிப் போகும்போது லிஃப்ட் ஓடத் தொடங்கியிருந்தது. விசாரணைக்காரர் படியிலேயே இறங்கினார்.

சித்தியும் போன பிறகு அம்மா ஜன்னலைத் திறந்தாள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, "மெத்தையையுமா?" என்றாள்.

"ம்."

வேறெதுவும் அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடுத்த வாரம் நான் போனபோது படுக்கையறை அலமாரியின் இரண்டு கதவுகளும் விரியத் திறந்திருந்தன. "பாத்துட்டு வந்து சாப்பிடு. ஆறிடும்" என்றாள் அம்மா. அதற்கு அடுத்த வாரமும் திறந்திருந்தன. மூன்றாவது வாரம் நான் போய்ச் சாத்தினேன். அவள் பார்த்தாள், தட்டை எடுத்துவைத்தாள்.

லிஃப்ட்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். அன்றைக்கு லிஃப்டை நிறுத்தியது நீங்களா? அவர் முதல்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தார். "நான் நிறுத்தியிருந்தா அவரை உங்க தளத்துக்கு வரவே விட்டிருக்க மாட்டேன். கீழயே நிறுத்தியிருப்பேன்" என்றார். நியாயமான பதில்தான். நியாயமான பதில்களைத் தயாராக வைத்திருக்கிறவர்கள்மேல் எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை.

அம்மாவின் ஓய்வூதியம் நிற்கவில்லை. ஐம்பத்தைந்து முடிந்த பிறகு இருவரும் பதிவு செய்துகொண்டார்கள். சாட்சிக் கையெழுத்து சித்தி போட்டாள், எல்லோரையும்விட அதிகமாக அழுததும் அவள்தான். லிஃப்ட்காரர் மேல்வீட்டைக் காலி செய்துவிட்டுக் கீழே வந்தார். திரைச்சீலை அதே ஜன்னலில் இருக்கிறது. விசாரணைக்காரர் ஓய்வு பெற்றுவிட்டார் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். செயலாளர் வீட்டை விற்றுக்கொண்டு வேறு பகுதிக்குப் போய்விட்டார். நான் அதே பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன், வாரம் ஒருமுறை அம்மாவைப் பார்க்கப் போகிறேன், அவரை "சார்" என்று கூப்பிடுகிறேன். புகாரை எழுதியது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. நான் எழுதவில்லை. அம்மா அதை நம்புகிறாளா என்று நான் கேட்டதில்லை.